மௌனம் குழுவின் அக்கா

அந்த வீட்டில் மிக்ஸி போட வேண்டுமானால் முதலில் அனுமதி வாங்க வேண்டும். ஹால் கதவருகே போய் நிற்க வேண்டும். கதவைத் தட்டக் கூடாது, தட்டினால் அதுவும் சத்தம். கதவிலிருக்கும் கண்ணாடி வழியாகக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் நான்கு தடி ஆண்பிள்ளைகளில் யாராவது ஒருத்தர் கண்ணைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். திறந்து தலையை அசைத்தால் சரி. புருவத்தை நெரித்தால், போய்விட்டு அப்புறம் வா என்று அர்த்தம். வீடு அக்கா வாடகைக்குப் பிடித்தது. மிக்ஸி அக்கா வாங்கியது. அந்த நான்கு பேரும் மத்தியானம் கொட்டிக்கொள்ளப் போகும் சாப்பாட்டுக்குத்தான் அது ஓட வேண்டும். அப்படியிருந்தும் அவள்தான், வகுப்பில் வெளியே போக டீச்சரிடம் அனுமதி கேட்கும் பிள்ளை மாதிரி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். தம்பிக்கு அக்கா, தம்பியின் கூட்டாளிகளுக்கும் அக்கா, அவள் வேலை செய்யும் கடையில் அவளைவிட வயதான கட்டிங் மாஸ்டருக்கும் அக்கா. கடை, ஜன்னல் திரைகளும் சோபா உறைகளும் தைத்துக்கொடுக்கும் கடை. திரை தைப்பது சட்டை தைப்பது மாதிரி இல்லை என்று அவள் சொல்வாள். சட்டையில் தையல் பிசகினால் போட்டுக்கொண்டவனுக்கு மட்டும் தெரியும், ஜன்னலில் பிசகினால் தெருவுக்கே தெரியும். மடிப்பு மடிப்பாகப் பிடித்து, பின்னால் உள்துணி கொடுத்து, கீழ் மடிப்பில் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்துவிட்டால் திரை அசையாமல் நேராகத் தொங்கும். அவள் தைத்த திரை காற்றடித்தாலும் ஒழுக்கமாக நிற்கும் என்று கடைக்காரர் வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வார். அவளிடம் மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

அம்மா போனபோது தம்பிக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா பஸ் கண்டக்டர். காலை ஷிப்ட் ஒரு வாரம், மாலை ஷிப்ட் ஒரு வாரம் என்று அவர் வாழ்க்கை சக்கரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் படிப்பை நிறுத்திவிட்டு அக்கா கடைக்குப் போனாள். தம்பியின் காதைத் திருகிப் பாடம் படிக்க வைத்தவளும், தலையில் பேன் பார்த்தவளும், அவன் முதன்முதலில் கிடாரைக் கையில் வாங்கிச் சுருதி சேராமல் எதையோ இழுத்தபோது கைதட்டியவளும் அவள்தான். அந்த நாளில் அவன் சிரித்துக்கொண்டே வாசிப்பான். தப்பு வந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பான். அப்பா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு தொடையில் தாளம் போடுவார். வீடே கலகலவென்று இருந்தது.

அவன் எப்போது கெட்டான் என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். எங்கோ ஒரு பத்திரிகையில் எவனோ ஒருத்தன், "இவருடைய இசையில் மௌனம் பேசுகிறது" என்று ஒரு வரி எழுதித் தொலைத்தான். ஒரே ஒரு வரி. அன்றிலிருந்து தம்பிக்குச் சிரிப்பு நின்றது. கறுப்புச் சட்டை தவிர வேறு போடுவதில்லை. யாராவது சௌக்கியமா என்று கேட்டால் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான். தன்னைப் போலவே முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளத் தெரிந்த மூன்று பேரைத் தேடிப் பிடித்தான். ஒரு வயலின்காரர், ஒரு டிரம்ஸ்காரன், எந்நேரமும் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு ரெக்கார்டிங்காரர். குழுவுக்குப் பெயர் வைக்க மட்டும் ஒரு வருஷம் ஆயிற்று. கடைசியில் வைத்த பெயர் "மௌனம்".

"மௌனத்துக்கு எதுக்குடா இத்தனை ஸ்பீக்கர்?" என்று அக்கா கேட்டாள்.

"உனக்குப் புரியாதுக்கா" என்றான் தம்பி.

அந்த வீட்டில் அதிகம் வாசிக்கப்பட்ட பாட்டு அதுதான், உனக்குப் புரியாதுக்கா.

அவர்கள் கச்சேரிக்குப் போகிறவர்கள் கைதட்டக் கூடாது. வாசலிலேயே பலகை எழுதி வைத்திருப்பார்கள். ஒருமுறை மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் தும்மிவிட்டார். தம்பி வாசிப்பதை நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்து, துக்க வீட்டில் இருப்பவன் மாதிரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தான். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். தும்மியவர் மட்டும் பயத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசிவரை இருந்தார், பாவம்.

இதையெல்லாம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் தம்பியிடம் மட்டும் வந்த கோபம் பாதி வழியில் திரும்பிப் போய்விடும், வளர்த்த பாவம். அவள் தையல் மிஷின் ஹாலில்தான் இருந்தது. அது பின்பக்கம் சமையலறைக்குப் போயிற்று. ஹால் சுவரிலிருந்த கடிகாரம் குளியலறைக்குப் போயிற்று. ஹாலைச் சுற்றி உள்ளே போகிற சத்தமும் வெளியே வருகிற சத்தமும் அடங்கும்படி கனமாகத் திரை வேண்டுமென்று கேட்டபோது, மூன்று அடுக்குத் துணி வைத்து, ஒரு மாதம் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து, விரல் தேயத் தைத்துக் கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் தைத்ததிலேயே கனமான திரை அது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் நிலைமை முற்றியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. இரண்டு பஸ்ஸுக்குக் கேட்கிற குரல் அவருக்கு. இறங்குகிறவனை அதட்டி, ஏறுகிறவனை அணைத்து, படியில் தொங்குகிறவனின் பரம்பரையையே இழுத்துப் பேசி, முப்பது வருஷம் ஊரைக் கூட்டிய குரல். அது ஒரே நாளில் அடங்கிப்போனது. ஹாலை ஒட்டிய சின்ன அறையில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். நல்லவேளையாக இடது கை வேலை செய்தது. அக்கா ஒரு சின்னப் பித்தளை மணியை வாங்கிவந்து அந்தக் கையில் கொடுத்தாள். அவர் ஆட்டினார், கணீரென்று கேட்டது. அவருடைய கோணிப்போன வாய் சிரித்தது.

மூன்றாம் நாள் தம்பி அந்த மணியை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான்.

"அக்கா, இந்த மணி சரிப்படாது."

"ஏன், கேக்கலையா?"

"கேக்குது. அதான் பிரச்சினை. எங்க சுருதிக்கும் இதுக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம். முழுசா வேற சுருதியா இருந்தாக்கூடப் பரவாயில்ல. இது பக்கத்துல வந்து உரசுது. எனக்கு நாள் பூரா உடம்பு கூசுது."

பெற்ற அப்பன் தண்ணீர் கேட்டு ஆட்டுகிற மணி சுருதி சேரவில்லையாம். அக்கா கையிலிருந்த கரண்டியை அடுப்பின் மேல் வைத்தாள். வைத்த வைப்பில் தம்பி முகம் சுளித்தான், அதுவும் சத்தம்தானே. அன்றைக்கே அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்க வேண்டும். விடவில்லை. அந்த மணியை அவனிடமே விட்டுவிட்டு, கடையில் மிச்சமாகக் கிடந்த ஒரு மரத்துண்டைக் கொண்டுவந்தாள். திரை மாட்டுகிற உருட்டுக் கம்பின் நுனித் துண்டு, ஒரு முழம் இருக்கும், முனையில் உருண்டையாகக் குமிழ் உண்டு. அதை அப்பாவின் இடது கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சுவரில் ஒரு தட்டு தட்டினார். அவளைப் பார்த்தார்.

அவளுக்கு உடனே புரிந்தது. கண்டக்டர் பெண்ணுக்குப் புரியாமல் இருக்குமா? விசில் தொலைந்துபோன நாட்களில் அப்பா பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தைத்தான் தட்டுவார். ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டு தட்டினால் ரைட், போகலாம். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் அந்தப் பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறார்கள், வீட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதே தட்டை வைத்து விளையாடியிருக்கிறார்கள். ஆகவே புதிதாக எதையும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அப்பா விட்டு விட்டு ஒவ்வொரு தட்டாகத் தட்டுவார், செய்வதை நிறுத்திவிட்டு வா என்று. அவள் எங்கே இருந்தாலும் பக்கத்திலிருக்கும் சுவரிலோ மேஜையிலோ இரண்டு தட்டு தட்டுவாள். ரைட், கேட்டுவிட்டது, வருகிறேன். அதைக் கேட்டதும் அவர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். கேட்கும்வரை விடமாட்டார்.

அக்கா அதன் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். வாயில்லாதவருக்கு ஒரு வாய் கிடைத்துவிட்டது. அவர் தட்டினால் யாராவது பதில் தட்ட வேண்டும், தட்டியவர் போக வேண்டும், அவ்வளவுதான். அவள் கடைக்குப் போகிற நேரத்தில் தம்பி வீட்டில் இருப்பான். வேண்டா வெறுப்பாகத்தான், ஆனாலும் போய்ப் பார்ப்பான்.

பிறகுதான் அந்தக் குழு தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்யக் கிளம்பியது. ஸ்டுடியோவுக்குப் போகமாட்டார்களாம். ஸ்டுடியோவின் அமைதி பொய்யான அமைதியாம். வீட்டின் உண்மையான மூச்சு வேண்டுமாம். அந்த மூச்சைப் பிடிப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டின் கழுத்தை நெரித்தார்கள். பிரிட்ஜை அணைத்தார்கள். மின்விசிறிகளை நிறுத்தினார்கள். வாசல் அழைப்பு மணியின் வயரைத் தம்பியே ஸ்டூல் போட்டு ஏறிப் பிடுங்கினான். ரெக்கார்டிங்காரர் எங்கெங்கோ மைக்குகளை நட்டுவைத்தார், ஒரு ஊசி விழுந்தால்கூட விடாது என்றார். குழுவுக்கு ஒரு விதி இருந்தது. பதிவு ஓட ஆரம்பித்துவிட்டால் என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து ஏதாவது சத்தம் வந்துவிட்டால் அதையும் ஏற்றுக்கொண்டு, அதற்குப் பதில் வாசிக்க வேண்டும். தினமும் மிக்ஸியை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் அன்றைக்கு மட்டும் உலகத்தையே ஏற்றுக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

ஏற்றுக்கொள்ள முடியாத ஒரே சத்தம் அக்கா. அவள் செருப்பு, அவள் கத்தரிக்கோல், அவள் பெருமூச்சு. சாயங்காலம்வரை வெளியே இருக்க முடியுமா என்று தம்பி கேட்டான். அவளுக்கும் ஒரு அலுவலகத்தில் திரை மாட்டுகிற வேலை வந்திருந்தது. அப்பாவுக்கு ஊட்டிவிட்டு, துணி மாற்றிவிட்டு, கையில் கம்பைக் கொடுத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

"அப்பா தட்டினா போய்ப் பாருடா. போறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு தட்டிடு. இல்லேன்னா அவர் தட்டிக்கிட்டே இருப்பார்."

"சரிக்கா."

"ரெக்கார்டிங்குன்னு இருந்துடாதே."

"சரின்னு சொல்றேன்ல. நீ கிளம்பு, மைக் எல்லாம் ஆன்ல இருக்கு."

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது வாசல் மணி அடிக்கவில்லை. வயர் பிடுங்கியது நினைவுக்கு வந்து கதவைத் தட்டினாள். வெகுநேரம் தட்டினாள். ஒரு வழியாக ரெக்கார்டிங்காரர் வந்து திறந்து, உதட்டில் விரலை வைத்தார். உள்ளே மற்ற மூன்று பேரும் பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு ஹெட்போன், எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். வயலின்காரர் கண்ணில் நீர்கூட வழிந்துகொண்டிருந்தது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் அறைக்குப் போனாள்.

அப்பா தரையில் கிடந்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், ஒருக்களித்து, நனைந்துபோய், தொட்டால் சில்லென்று. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கம்பு அவர் கையிலேயே இருந்தது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் வந்தது கோபம் இல்லை, ஏன் இவ்வளவு நேரம் என்ற கேள்வி. அந்தப் பார்வையை அவள் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்தார்கள். ஆனால் குளிரில் பல மணி நேரம் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார் டாக்டர். உடனே தூக்கியிருந்தால் கதையே வேறு என்றும் சொன்னார். மூன்றாவது வாரம் அப்பா போய்ச் சேர்ந்தார்.

அப்பா ஏன் தட்டவில்லை? கம்பு கையில் இருந்ததே. அந்தக் கேள்வி அவளை அரித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே தம்பியைக் கேட்டாள்.

"தட்டினாராடா? நெசமாச் சொல்லு."

தம்பி ஜன்னலைப் பார்த்தான். "எங்களுக்கு எதுவும் கேக்கலக்கா. தட்டியிருக்கலாம். ஆனா எப்படிக் கேக்கும் சொல்லு. நீ தைச்சிருக்கிற திரை அப்படி. மூணு அடுக்கு."

இதைச் சொல்ல அவனுக்கு வாய் வந்ததே. அதைக் கேட்டு அவள் அவனை அறைந்திருக்க வேண்டும். ஆனால் அவள் நம்பினாள். தன் கையால் தைத்த திரைதான் அப்பாவின் வாயைப் பொத்திவிட்டது என்று நம்பினாள். கடையில் கனத் திரைக்கு ஆர்டர் வந்தால் ஊசி விரலில் ஏறியது. கட்டிங் மாஸ்டர் எதுவும் கேட்காமல் அந்தத் துணிகளை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்தார். வீட்டில் அந்தத் திரையைக் கடந்து போகும்போதெல்லாம், தட்டியிருப்பாரோ, எத்தனை நேரம் தட்டியிருப்பாரோ, ஒருத்தரும் பதில் தட்டவில்லையே என்று என்ன நினைத்திருப்பாரோ என்று அங்கேயே நின்றுவிடுவாள். மாதக்கணக்கில் அந்த எண்ணத்தோடுதான் எழுந்தாள், அதோடுதான் படுத்தாள்.

இசைத்தட்டு வெளியீட்டு விழாவுக்கு மேடையின் பின்னால் தொங்கவிடக் கறுப்புத் திரை வேண்டும் என்று தம்பி கேட்டான். அதையும் தைத்துக் கொடுத்தாள். அவள் கட்டாயம் வரவேண்டும், முன்வரிசையில் உட்கார வேண்டும் என்றான். இசைத்தட்டை அப்பாவுக்குச் சமர்ப்பித்திருக்கிறானாம்.

சின்ன அரங்கம். பகல் நிகழ்ச்சி, ஆனால் ஜன்னலையெல்லாம் மூடி இருட்டாக்கியிருந்தார்கள். கைதட்டக் கூடாது என்ற பலகை வாசலில் இருந்தது. நாற்காலி பாதி நிறைந்திருந்தது. நான்கு பேரும் கறுப்புச் சட்டையில் மேடையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தம்பி மைக்கைப் பிடித்து, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் பேசினான்.

"இந்த இசை என் அப்பாவுக்கு. எனக்கு மௌனத்தைக் கற்றுத்தந்தவர் அவர்."

முப்பது வருஷம் ஊரைக் கூட்டிய கண்டக்டர் மௌனத்தைக் கற்றுத்தந்தாராம். அக்கா நாற்காலியில் நெளிந்தாள். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, ரெக்கார்டிங்காரர் பதிவை ஓடவிட்டார்.

ஒவ்வொன்றாக ஓடி, கடைசிப் பாட்டு வந்தது. அது மற்றவற்றைவிட மெதுவாக இருந்தது. கிடார் ஒரு தந்தியைச் சுண்டிவிட்டு எங்கேயோ போய்விட்டு வந்தது. வயலின் இழுத்துக்கொண்டே இருந்தது. பிறகு இரண்டும் ஓய்ந்தன. அந்த ஓய்வில், எங்கோ அடியிலிருந்து, டொக் என்று ஒரு சத்தம்.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொக். மரக் குமிழ் சுவரில் படுகிற சத்தம். ஒவ்வொன்றாக, விட்டு விட்டு, அவசரப்படாமல். நிறுத்து, வா. நிறுத்து, வா. அவள் உடம்பு தானாக முன்னால் வந்தது, கை நாற்காலியின் சட்டத்தைத் தேடியது, பதில் தட்டுவதற்கு. அவள் தட்டுவதற்கு முன்னால் ஸ்பீக்கரிலேயே பதில் வந்தது. டிரம்ஸின் மரச் சட்டத்தில் குச்சியால் தட்டிய பதில், தெளிவாக, இதமாக.

டொக் டொக்.

அதன் பிறகு சுவர்ப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அப்பா தட்டுவதை நிறுத்திவிட்டார். ரைட் என்று கேட்டுவிட்டது, யாரோ வருகிறார்கள் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டார். கிடார் மறுபடி எழுந்தது, வயலின் சேர்ந்துகொண்டது, பாட்டு சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க" என்றாள் அக்கா.

சபையில் ஒருவர் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து, மூடிய கண்ணைத் திறக்காமல் மெல்லத் தலையாட்டினார். அக்கா எழுந்து நின்றாள்.

"நிறுத்துடா அதை."

தம்பி கண்ணைத் திறந்தான். "அக்கா, உட்காரு. இன்னும் முடியல. நாலு நிமிஷம் இருக்கு."

"கேக்கலன்னு சொன்னியேடா. திரை கனம்னு சொன்னியே. இது என்ன?"

"அக்கா, ப்ளீஸ், பாட்டு முடியட்டும்."

அவள் அவனை விட்டுவிட்டுச் சபையைப் பார்த்துத் திரும்பினாள். குரல் அப்பாவின் குரலாக வந்தது, இரண்டு பஸ்ஸுக்குக் கேட்கும்படி. "அந்தத் தட்டு எங்கப்பா தட்டினது. கட்டில்லேர்ந்து விழுந்து, இடுப்பொடிஞ்சு, வாய் பேச முடியாம, வந்து தூக்குங்கடான்னு தட்டினது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இவங்க நாலு பேரும் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்காங்க. கேட்டுட்டு, நல்லா இருக்குன்னு கூடவே வாசிச்சிருக்காங்க."

ரெக்கார்டிங்காரர் பதறிப்போய்ப் பதிவை நிறுத்தினார். டிரம்ஸ்காரன் முகம் வெளிறி எழுந்துவிட்டான். நான்கு பேரில் அவன்தான் இளையவன். "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா மாடி வீட்டுல ஏதோ ஆணி அடிக்கிறாங்கன்னு நினைச்சேன். நான் நிறுத்தலாமான்னு கிடார் அண்ணனைத்தான் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து, நிறுத்தாதே, வாசின்னு கை காட்டினார். அதான் பதில் வாசிச்சேன்."

"நீ வாசிச்சதுதான்டா அவரைப் பேசாம இருக்க வெச்சுது. ரெண்டு தட்டுன்னா வர்றேன்னு அர்த்தம். உனக்குத் தெரியாது." அவள் தம்பியைக் காட்டினாள். "இவனுக்குத் தெரியும். நாற்காலியில பஸ் ஓட்டி விளையாடினவன்."

தம்பி வாயைத் திறந்தான். அக்கா காத்திருந்தாள், இப்போதாவது ஏதாவது சொல்வானென்று. "ரெக்கார்டிங் ஓடிட்டிருந்துதுக்கா" என்றான்.

அவள் மேடையேறினாள். அவன் பக்கம்கூடப் போகவில்லை. பின்னால் தொங்கிய கறுப்புத் திரையின் ஓரத்துக்குப் போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். அவள் தைத்தது, அவள் எடுத்துக்கொண்டு போகிறாள். பின்னால் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும், உடைந்த நாற்காலிகளும், ஒரு துடைப்பமும் தெரிந்தன. அவற்றுக்கு முன்னால் மௌனம் குழு கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்தது. நீளமான திரையை ஒரு ஆளால் மடிக்க முடியாது. டிரம்ஸ்காரன் வந்து மறுமுனையைப் பிடித்தான். இருவரும் சேர்ந்து மடித்தார்கள். அவன் அழுதுகொண்டிருந்தான். அந்தக் கூட்டத்தில் மனுஷனாகப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் ஹாலின் மூன்றடுக்குத் திரையைக் கழற்றினாள். அந்தத் திரை ஒரு பாவமும் செய்யவில்லை, அப்பாவின் தட்டை அது தடுக்கவே இல்லை. ஆனாலும் அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. கிடாரையும் ஸ்பீக்கர்களையும் தம்பியின் துணிமணிகளையும் மாடிப்படியின் திருப்பத்தில் அடுக்கி வைத்தாள், அடியில் பழைய துணி விரித்து, ஒன்றும் கீறாமல். அவன் வயலின்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாக டிரம்ஸ்காரன் வந்து சொன்னான். தையல் மிஷினை ஹாலுக்கு இழுத்து வந்தாள். கடிகாரத்தைச் சுவரில் மாட்டினாள். வாசல் அழைப்பு மணியின் வயர் மட்டும் தம்பி பிடுங்கிய அன்றைக்குத் தொங்கியது போலவே தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய அவள் ஆளைக் கூப்பிடவில்லை.

சில வாரம் கழித்து ஒரு லீவு நாள் மத்தியானம், அவள் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. மணியை அழுத்திப் பார்த்திருப்பான். அடிக்கவில்லை. பிறகு கதவில் ஒரு தட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட்டு. "அக்கா" என்று குரல். மறுபடி ஒரு தட்டு. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, அப்பா தட்டுவதைப் போலவே தட்டினான். வேண்டுமென்றே தட்டினானா, கை தானாகத் தட்டியதா, அவனுக்குத்தான் வெளிச்சம்.

அக்கா மிஷினை நிறுத்தினாள். எழுந்துபோய் அப்பாவின் கட்டிலிலிருந்து அந்த மரத்துண்டை எடுத்தாள். வாசல் கதவருகே வந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டது. மூச்சைப் பிடிக்க மைக் தேவைப்படவில்லை. அவள் கதவில், நிதானமாக, தெளிவாக, இரண்டு தட்டு தட்டினாள்.

தட்டுவது நின்றது. அவன் கண்டக்டர் மகன், அர்த்தம் தெரிந்தவன். ரைட், கேட்டுவிட்டது, வருகிறேன். செருப்பைக் கழற்றி ஓரமாக விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

அக்கா திரும்பிப் போய் மிஷினில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத் திரைக்கு இன்னும் கீழ் மடிப்பு பாக்கியிருந்தது. காலால் அழுத்தி மிஷினை ஓடவிட்டாள்.